இல்லக் கணக்கு: சுவருக்கு எத்தனை லிட்டர்?

சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றுக்கு உடனே பதில் எழுதியாக வேண்டியிருக்கிறது. இராசிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வருகிற தை மாதத்தில் மகளுக்குத் திருமணம். சீட்டு எடுத்த பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு வர்ணம் பூசுவதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அதே ஊர்ப் பெயிண்டர் ஒருவர், மறைந்த கணவரோடு ஒரே பள்ளியில் படித்தவர், வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு காகிதத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். உட்சுவருக்கு எமல்ஷன் 20 லிட்டர்; சீலிங்குக்கு வெள்ளை 10 லிட்டர்; பிரைமர் 15 லிட்டர்; பட்டி நான்கு மூட்டை; கதவு, சன்னல்களுக்கு எனாமல் 8 லிட்டர்; வெளிச்சுவருக்கு 40 லிட்டர்.

பட்டியலைப் பார்த்த சின்ன மாமனார் கொதித்துப் போயிருக்கிறார். "நானூறு சதுர அடிகூட இல்லாத வீடு. தரை அளவை மூன்றால் பெருக்கினால் சுவரின் அளவு வந்துவிடும். ஆக 1,200 சதுர அடி. இருபது லிட்டர் வாங்கினால் சீலிங்கும் சேர்ந்து உள்வேலை முடிந்துவிடும். மற்றதெல்லாம் அவன் வேறு வீட்டுக்குக் கொண்டு போவதற்கு" என்பது அவருடைய தீர்ப்பு. பெயிண்டரை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று சகோதரி கேட்கிறார். நல்ல வேளையாக, அறைகளின் நீள அகலங்களையும் கதவு சன்னல்களின் அளவுகளையும் தம் மகளைக் கொண்டு அளந்து, கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். அந்த அளவுகளை வைத்தே கணக்குப் பார்ப்போம். ஒரு தாயின் சேமிப்பும், ஊருக்குள் ஒரு தொழிலாளியின் பெயரும் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கின்றன. மற்ற வாசகர்களும் தத்தம் வீட்டு அளவுகளை எடுத்துக்கொண்டு கூடவே வரலாம்.

முதலில் சுவர். ஓர் அறையின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. அதை உயரத்தால் பெருக்கினால் நான்கு சுவர்களின் பரப்பு. சகோதரியின் வீட்டுக் கூடம் 16 அடிக்கு 12 அடி. சுற்றளவு 56 அடி; உயரம் 10 அடி; எனவே 560 சதுர அடி. படுக்கையறை 12 அடிக்கு 10 அடி, சுவர் 440. சமையலறை 10 அடிக்கு 8 அடி, சுவர் 360. மூன்றும் சேர்ந்து 1,360 சதுர அடி. சீலிங்கின் பரப்பு தரையின் பரப்பேயாகும்: 192, 120, 80, மொத்தம் 392. சுவரும் சீலிங்கும் சேர்ந்து 1,752 சதுர அடி ஆகின்றன. சின்ன மாமனாரின் 1,200 எங்கே, இந்த 1,752 எங்கே!

அவர் மேல் குற்றமில்லை. "தரையை மூன்றால் பெருக்கு" என்ற வாய்ப்பாடு நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பதுதான். ஆனால் அது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும். 20 அடிக்கு 20 அடியில் ஒரே பெரிய கூடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 10 அடி. சுவர் 800, சீலிங் 400, ஆக 1,200. தரை 400. சரியாக மூன்று மடங்கு. இப்போது அதே 400 சதுர அடியை 10 அடிக்கு 10 அடியாக நான்கு அறைகளாகத் தடுத்துவிடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் சுவர் 400, சீலிங் 100. நான்குக்கும் சேர்ந்து 2,000 சதுர அடி. தரை மாறவில்லை, மடங்கு மட்டும் ஐந்தாகிவிட்டது! அறை சிறுக்கச் சிறுக்கத் தரைக்குரிய சுவரின் பங்கு பெருகும். ஆகவே பெரிய மாளிகைக்குப் பொருந்தும் வாய்ப்பாடு ஏழை வீட்டில் எப்போதும் குறைத்தே காட்டும். பாதி வேலையில் பெயிண்ட் தீர்ந்து போகும். பழி பெயிண்டர் தலையில் விழும். சகோதரியின் வீட்டில் மடங்கு ஏறக்குறைய நாலரை.

அடுத்து, கதவு சன்னல் திறப்புகளைக் கழிக்க வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில் வீட்டுக்காரருக்கும் வேலைக்காரருக்கும் மனத்தாங்கல் வருவது வழக்கம். கட்டட வேலைகளை அளக்கும் முறைக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 1200 என்ற நெறித் தொகுப்பை வகுத்திருக்கிறது. அதன் 13-ஆம் பகுதி வெள்ளையடித்தலையும் வர்ணம் பூசுதலையும் பற்றியது. அரை சதுர மீட்டருக்கு, அதாவது ஐந்தரை சதுர அடிக்கு, உட்பட்ட திறப்புகளைக் கழிப்பதே இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, நம் கணக்கில் சுமார் 32 சதுர அடி வரை உள்ள திறப்புகளை, சுவரின் இரு பக்கமும் பூசுவதாயிருந்தால், ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். சுவரின் கனத்தில் தெரியும் ஓரங்களைத் தனியே கூட்டக் கூடாது. மறுபக்கத்தில் கழிக்காமல் விட்டது அதற்கு ஈடாகிவிடும். எவ்வளவு நியாயமான ஏற்பாடு பாருங்கள். நம் வீடுகளின் கதவு சன்னல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையிலேயே அடங்கிவிடும்.

சகோதரியின் வீட்டில் தலைவாசல் மூன்றரை அடிக்கு 7 அடி. மற்ற மூன்று கதவுகளும் 3 அடிக்கு 7 அடி. கூடத்திலும் படுக்கையறையிலும் இரண்டிரண்டாக நான்கு சன்னல்கள், 4 அடிக்கு 4 அடி. சமையலறைச் சன்னல் 4 அடிக்கு 3 அடி. ஒவ்வொன்றையும் உட்பக்கத்தில் ஒரு முறை கழித்தால் மொத்தம் 163½ சதுர அடி போகிறது. சுவரில் மிஞ்சுவது 1,196½. 1,200 என்றே வைத்துக்கொள்வோம். சீலிங்கை 400 என்று கொள்வோம். உள்வேலை 1,600 சதுர அடி.

இனி லிட்டர். ஒவ்வொரு டப்பாவின் மேலும் "கவரேஜ்" என்ற தலைப்பில், ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது ஒரு கோட்டுக்கா, இரண்டு கோட்டுக்கா என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். மேலும், அந்த எண் வழவழப்பான சுவரில் பூசிப் பார்த்துக் கண்டது. பழைய சுவர், சொரசொரப்பான பூச்சு, தண்ணீரை உறிஞ்சும் சுவர் இவற்றில் அது நிச்சயமாகக் குறையும். நடுத்தர விலையுள்ள எமல்ஷனுக்கு இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்காது. 1,200-ஐ 60-ஆல் வகுத்தால் 20 லிட்டர். பெயிண்டர் எழுதியதும் 20 லிட்டர்தான். சீலிங்குக்கு 400-ஐ 60-ஆல் வகுத்தால் ஆறே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அவர் 10 என்று எழுதியிருக்கிறார். டப்பாக்கள் 1, 4, 10, 20 லிட்டராக வருகின்றன. ஒரு நாலும் மூன்று ஒன்றுமாக ஏழு லிட்டர் வாங்கினாலும் போதும். ஆனால் சிறு டப்பாக்களில் லிட்டர் விலை கூடுதலாயிருக்கும். கடையில் இரண்டு விதமாகவும் விலை கேட்டு, வித்தியாசம் சொற்பமாயிருந்தால் பத்து லிட்டரையே வாங்கிவிடலாம். மீந்த வெள்ளை என்றைக்கும் வீண் போவதில்லை.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அறைக்கொரு நிறம் என்ற ஆசை இப்போது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. இதே வீட்டில் கூடத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர், படுக்கையறைக்கு 7, சமையலறைக்கு ஐந்தரை தேவை. மூன்று நிறமானால் எல்லாவற்றையும் 4 லிட்டர், 1 லிட்டர் டப்பாக்களாகவே வாங்க வேண்டும். மொத்தம் 21 லிட்டர் ஆகும். விலையோ 20 லிட்டர் வாளியைவிடக் கணிசமாக ஏறும். அழுத்தமான நீலம், சிவப்பு போன்ற நிறங்களுக்கு விலையும் கூடுதல், பல சமயம் மூன்றாவது கோட்டும் வேண்டியிருக்கும். கடையில் இயந்திரத்தில் சாயம் கலந்து கொடுத்த பெயிண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

பிரைமருக்கு வருவோம். ஒரே கோட்டுதான். லிட்டருக்கு 110 சதுர அடி என்று கொண்டால் 1,600-க்குப் பதினான்கரை லிட்டர் ஆகிறது. பெயிண்டரின் 15 சரியே. ஆனால் பிரைமர் தேவையா என்பது தனிக் கேள்வி. நல்ல எமல்ஷன் ஏற்கெனவே பூசியிருந்து, உரியாமல் உறுதியாக இருந்தால், உப்புத்தாள் தேய்த்துத் தூசு தட்டிவிட்டு, பட்டி வைத்த இடங்களில் மட்டும் பிரைமர் தொட்டால் போதும். சகோதரியின் வீட்டிலோ ஒன்பது ஆண்டுகளுக்கு முன் டிஸ்டெம்பர் அடித்தது. கையை வைத்தால் மாவாக ஒட்டுகிறது என்று எழுதியிருக்கிறார். அந்த மாவைச் சுரண்டிக் கழுவிவிட்டு பிரைமர் கொடுக்காமல் எமல்ஷன் பூசினால், மேல்பூச்சு அந்த மாவின் மேல்தான் நிற்குமே தவிர சுவரைப் பிடிக்காது. ஆகவே இங்கே பிரைமர் அவசியம். பல ஆண்டுகள் சுண்ணாம்பு அடித்து அடை அடையாகத் தடித்த சுவரானால் சுரண்டும் வேலை இன்னும் பெரிது. எஸ்டிமேட்டில் எவரும் எழுதாத செலவு இதுதான். மூன்று நாள் சுரண்டலுக்குக் கூலி யார் கணக்கு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

பட்டியில்தான் எனக்குப் பெயிண்டரோடு கருத்து வேறுபாடு. ஒரு கிலோவுக்கு 12 சதுர அடி வீதம் கணக்கிட்டால், வீடு முழுவதும் இரண்டு கை இழுக்க 133 கிலோ வேண்டும். மூட்டைக்கு 40 கிலோவாக அவர் நான்கு எழுதியிருக்கிறார், கணக்கில் மிகையில்லை. ஆனால் வீடு முழுவதும் எதற்கு? சுவரில் கீறலும் ஆணி அடித்த ஓட்டைகளும் சில பெயர்ந்த இடங்களும்தான் உள்ளன என்று கடிதம் சொல்கிறது. அவற்றை மட்டும் அடைத்துச் சமன் செய்ய ஒரு மூட்டை போதுமானது. பட்டியின் விலையைவிட, அதை இழுத்து, காய்ந்தபின் தேய்த்து, தூசு எடுக்கும் கூலியே பெரிது. கண்ணாடி போன்ற சுவர் பார்வைக்கு அழகுதான். ஆனால் திருமணச் செலவு முன்னால் நிற்கும் வீட்டில் அந்த அழகு இன்னும் சில ஆண்டு காத்திருக்கலாம். பெயிண்டரிடம் இதை மரியாதையாகச் சொன்னால் அவரே ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

மேற்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வெள்ளைத் தூள் பூத்து உரிகிறதாம். அது உப்பு. நிலத்தின் ஈரமோ அருகிலுள்ள குளியலறைத் தண்ணீரோ சுவரில் ஏறி, வெளியே வந்து ஆவியாகும்போது, தான் கொண்டுவந்த உப்பைச் சுவரின் மேல் விட்டுச் செல்கிறது. அதன் மேல் எந்தப் பெயிண்டைப் பூசினாலும் ஒரே ஆண்டில் கொப்புளித்து விழும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு நிறுத்த வேண்டும். பிறகு உப்பை ஈரமில்லாத தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடும். திருமணத்துக்குள் சுவர் முழுமையாகக் காயாது. அந்த இரண்டடிக்கு இப்போதைக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்து வைப்பதே நல்லது.

கதவு, சன்னல் பற்றிய கணக்கு எல்லாரையும் ஏமாற்றுவது. "நான்கு கதவு, ஐந்து சன்னல், இரண்டு லிட்டர் எனாமல் போதாதா?" என்று கேட்போம். அரசுப் பொதுப்பணி ஒப்பந்தங்களில் இதற்கென்று பெருக்கெண்கள் உண்டு. வரிச்சட்டமும் பலகைக் குழிவுகளும் உள்ள கதவுக்கு, ஒரு பக்கத்தின் பரப்பை 1.3-ஆல் பெருக்க வேண்டும். வழவழப்பான ஃபிளஷ் கதவுக்கு 1.2. முழுவதும் கண்ணாடி போட்டதற்கு 0.8. சாய்ந்த பலகைகள் அடுக்கிய சன்னலுக்கு 1.8. இரும்புக் கம்பிக்கும் கிராதிக்கும், இரு பக்கமும் சேர்த்து, ஒரு முகத்தின் பரப்பு ஒரு மடங்கு. மடக்குக் கிராதிக் கதவானால் ஒன்றரை மடங்கு. நிலை, ஓரம், குழிவு எல்லாம் இந்தப் பெருக்கெண்ணில் அடங்கிவிடும்.

சகோதரியின் தலைவாசல் பலகைக் குழிவுள்ளது: இருபத்து நாலரையை 1.3-ஆல் பெருக்கி இரு பக்கத்துக்கும் இரட்டித்தால் சுமார் 64 சதுர அடி. மற்ற மூன்றும் ஃபிளஷ் கதவுகள்: 151. சன்னல்களின் பரப்பு மொத்தம் 76, மரக் கதவுகளுக்கு இரு பக்கமும் சேர்ந்து 198, கம்பிகளுக்கு 76. எல்லாம் கூட்டினால் 489 சதுர அடி! உட்சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எனாமல் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 65 சதுர அடி என்றால் ஏழரை லிட்டர். பெயிண்டரின் எட்டு லிட்டர் இங்கும் நியாயமே. பழைய நிறமே திரும்ப அடிப்பதாயிருந்து, அடிப்பூச்சும் உரியாமல் இருந்தால் ஒரு கோட்டோடு நிறுத்தலாம். அப்போது நான்கு லிட்டர் போதும்.

கதவைத் தேய்க்கும்போது ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்தது. 2017 நவம்பரிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் பூசிய பழைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுந்திருக்கக் கூடும். அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குப் பெருங்கேடு. உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் அந்த நாட்களில் அங்கே இருக்க வேண்டாம். உதிர்ந்ததை வாசலில் கோழி கிளறும் இடத்தில் கொட்டாமல் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

வெளிச்சுவர். வீட்டின் வெளியளவு 26 அடிக்கு 20 அடி. சுற்றளவு 92 அடி. கைப்பிடிச் சுவரின் அடி வரை உயரம் 11 அடி. 1,012 சதுர அடி. பெரும்பாலோர் இதோடு நின்றுவிடுவார்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் 3 அடி உயரம். உள்ளும் புறமும் பூச வேண்டும். அது மட்டுமே 552 சதுர அடி, கீழ்ச்சுவரில் பாதிக்கு மேல். ஐந்து சன்னல்களின் சன்ஷேடுக்கு மேலும் கீழுமாக 75. ஆக மொத்தம் ஏறக்குறைய 1,640. வெளிப்பூச்சு எமல்ஷன் சொரசொரப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று கொண்டால் 33 லிட்டர். பெயிண்டர் இரண்டு வாளியாக நாற்பது எழுதிவிட்டார். ஒரு இருபது, ஒரு பத்து, ஒரு நான்கு என்று 34 லிட்டர் வாங்கலாம். இது ஏமாற்று அன்று. பேச்சுக்கு வசதியாக வாளிக் கணக்கில் முழுமையாக்கிச் சொல்வது அவர்கள் பழக்கம்.

வாளிக் கணக்குக்கு வேறொரு காரணமும் உண்டு. பெயிண்ட் நிறுவனங்கள் பல, டப்பாக்களுக்குள் ஒரு டோக்கன் வைப்பதுண்டு. பெயிண்டர் அதைக் கொடுத்துப் பணமோ பரிசோ பெறலாம். ஆகவே குறிப்பிட்ட ஒரு பெயரையே அவர் வற்புறுத்தினால், டோக்கனும் ஒரு காரணமாயிருக்கலாம். இதைத் திருட்டென்று எண்ண வேண்டியதில்லை. நிறுவனமே அவருக்கென்று வைப்பது அது. ஆனால் பெயிண்டைத் தேர்ந்தெடுப்பவர் பணம் கொடுப்பவராக இருக்க வேண்டும். கடைக்கு இருவருமாகப் போய், டப்பாவை நீங்கள் தேர்ந்தெடுத்து, டோக்கனை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

விலை விவரம் இங்கே எழுதவில்லை; அச்சேறி உங்கள் கைக்கு வருமுன் அது மாறிவிடும். ஒப்பிடும் முறையை மட்டும் சொல்கிறேன். ஒரு லிட்டர் 150 ரூபாய்க்கு ஒரு பெயிண்ட், இரண்டு கோட்டுக்கு 40 சதுர அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 210 ரூபாய், 60 சதுர அடி வருகிறது. முன்னதில் சதுர அடிக்கு மூன்றே முக்கால் ரூபாய், பின்னதில் மூன்றரைதான். மலிவு என்று நினைத்தது மலிவன்று. டப்பாவில் அச்சிட்ட விலையில் சரக்கு சேவை வரி அடங்கியிருக்கிறது. 2018 ஜூலையில் பெயிண்டுக்கான இந்த வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. கடைக்காரர் வரியைத் தனியாகக் கூட்டினால் ஏனென்று கேளுங்கள். அச்சிட்ட விலையிலிருந்து தள்ளுபடி தருவது பல கடைகளில் வழக்கம், அதையும் கேளுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கூலிப் பேச்சில் வரும் வழக்குகளுக்கு ஒரே சொல்தான் பெரும்பாலும் காரணம்: சதுர அடி. "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பெயிண்டர் சொல்லும்போது அவர் மனத்தில் சுவரின் சதுர அடி; கேட்பவர் மனத்தில் தரையின் சதுர அடி. இந்த வீட்டின் உள்வேலையில் ஒன்று 1,600, மற்றொன்று 392! எந்தச் சதுர அடி, எத்தனை கோட், சுரண்டலும் பட்டியும் சேர்த்தா, சாரம் கட்டும் செலவு யாருடையது, சிந்திய பெயிண்டைத் தரையிலிருந்து துடைப்பது யார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அளவெடுக்கும்போது நாடாவின் ஒரு முனையை அவரும் மறுமுனையை வீட்டாரும் பிடிக்கட்டும். நாள் கூலியானால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தினமும் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டும். நாமக்கல், திருச்செங்கோட்டுப் பட்டறைகளில் லாரிக்கும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டிக்கும் பீச்சுக் குழாயால் அடித்துப் பழகியவர்கள், வீட்டுக்கும் அதையே கொண்டுவருகிறேன் என்றால் சற்று யோசியுங்கள். வேலை விரைவாக முடியும். ஆனால் காற்றில் போகும் பெயிண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும், சன்னலும் தரையும் மூடித் தயாராயிருக்க வேண்டும்.

ஆகவே சகோதரிக்கு என் பதில்: உங்கள் பெயிண்டர் உங்களை ஏமாற்றவில்லை. பட்டியில் மூன்று மூட்டை, வெளிப்பூச்சில் ஆறு லிட்டர், வேண்டுமானால் சீலிங்கில் மூன்று லிட்டர், இவ்வளவே குறைக்கலாம். மற்ற எல்லாவற்றிலும் அவருடைய கண் நாடாவைப் போலவே அளந்திருக்கிறது. சின்ன மாமனாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, கூடத்தை அவர் கையாலேயே ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள்.

பணம் இன்னும் குறைய வேண்டுமானால் சுண்ணாம்பு இருக்கிறது. மதில் சுவர், ஆட்டுக் கொட்டகை, பின்புறச் சுவர் இவற்றுக்கு எமல்ஷன் எதற்கு? நம் சேலம், நாமக்கல் பகுதிக்குச் சுண்ணாம்பு அயல் பொருளன்று. சங்ககிரியின் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1963-இல் அங்கே இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை எழுந்தது. (சேலத்துக்கும் ஏற்காட்டு அடிவாரத்துக்கும் இடையே வெளுத்துத் தெரியும் குன்றுகளைச் சுண்ணாம்புக் குன்றுகள் என்று ஆங்கிலேயர் பெயரிட்டுவிட்டனர், உண்மையில் அங்கே இருப்பது மாக்னசைட் என்னும் வேறு கனிமம். அதை நீற்றிச் சுவருக்கு அடிக்க முடியாது.) ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். ஒரு கோட்டுக்கு ஒரு கிலோ ஏறக்குறைய 100 சதுர அடிக்கு வரும். மண் சுவரானால் குறையும். புதுச்சுவருக்கு மூன்று கோட், பழையதற்கு ஒன்றோ இரண்டோ. சிறிது பசையும், வெண்மை எடுப்பாயிருக்க ஒரு சிட்டிகை நீலமும் கலப்பார்கள். துணியில் வடிகட்டுவதை மறக்க வேண்டாம். நீற்றும்போது சுண்ணாம்பு கொதிக்கும். குழந்தைகள் அருகில் வரக் கூடாது. கண்ணில் தெறித்தால் உடனே தண்ணீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். எமல்ஷன் பூசிய சுவரின் மேல் சுண்ணாம்பு நிற்காது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

திருமணம் தையில் என்பதால் வேலையை மார்கழியில் வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த வெளிச்சுவர் அதற்குள் காய்ந்திருக்கும். மார்கழிப் பனி காலையில் சுவரை ஈரமாக்கும். ஆகையால் வெளிவேலையை வெயில் ஏறியபின் தொடங்கட்டும். சுட்டெரிக்கும் வெயில் படும் சுவரிலும் பூசக் கூடாது. பெயிண்ட் பரவுமுன் காய்ந்து தடம் தெரியும். முற்பகலில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர் என்று நிழலோடு நகர்ந்து போவதே வழக்கம். ஒரே நிறத்தில் இரண்டு டப்பா வாங்கினால் இரண்டையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொண்டபின் தொடங்குங்கள். இல்லாவிட்டால் சுவரின் நடுவில் நிறம் மாறுவது தெரியும். நிறத்தின் எண்ணையும் கடையில் ஒட்டிய சீட்டையும் ரசீதோடு சேர்த்து வையுங்கள். வேலை முடிந்ததும் அரை லிட்டரைக் காற்றுப் புகாத சிறு டப்பாவில் மூடி, வெயில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள். திருமணக் கூட்டத்தில் பந்தல் கால் உரசிய இடங்களுக்கு அது வேண்டியிருக்கும்.